மேல்வாள் பிடித்தவர்

மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால், கூரைக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் "ஆமா" என்பார். தேநீரில் சீனி போட்டாயிற்று என்றால் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். கருவாட்டுக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், ஒரு துண்டை முறித்து மூக்கருகே கொண்டுபோகாமல் வாங்கியது கிடையாது. இதற்காக அவரைச் சந்தேகக்காரி என்று சொல்லிவிட முடியாது. யாரையும் அவர் பொய்யர் என்று நினைத்ததில்லை. காதால் கேட்பது ஒன்று, கண்ணால் பார்ப்பது வேறொன்று என்று அவர் மனத்தில் எப்படியோ பதிந்துபோயிருந்தது, அவ்வளவுதான். நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் அவரிடமிருந்து வருவது ஒரே பதில்: "பாத்துட்டு சொல்றேன்."

அவருக்குப் பெயர் இருந்தது. நான் அதை இங்கே எழுதவில்லை. பேத்திகள் கண்டியில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை. வேலைத்தலத்தில் எல்லாரும் அவரை அறுப்புக்காரம்மா என்றார்கள். நான் அக்கா என்பேன்.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் பாதையில், மகாவலி ஆற்றை ஒட்டி மரம் அறுத்து விற்கும் என் நானாவின் மரக்காலை இருந்தது. எங்கள் வீட்டில் அண்ணனை நானா என்போம். தம்புள்ளைப் பக்கத்துக் காட்டிலிருந்து முதிரை அடிமரக் குத்திகளும், சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பலாக் குத்திகளும் மாட்டுவண்டியில் வந்து இறங்கும். அறுப்பதற்கு இரண்டு வாள்குழிகள் இருந்தன. ஓர் ஆள் நிமிர்ந்து நின்றாலும் தலை வெளியே தெரியாத ஆழம். குழிக்குக் குறுக்கே குத்தியைக் கிடத்தி, ஒருவர் அதன்மேல் ஏறி நிற்பார், இன்னொருவர் குழிக்குள் இறங்குவார். இருவர் கைக்கும் நடுவில் மரம் அறுக்கும் ஆளுயர வாள் ஒன்று ஏறி இறங்கும். மேலே நிற்பவரை மேல்வாள் என்போம். கரிக்கோடு தப்பாமல் வாளை நடத்துவது அவர் பொறுப்பு. கீழே நிற்பவர் கீழ்வாள். இழுப்பது அவர் பாடு. மரத்தூள் முழுவதும் அவர் தலையில்தான் கொட்டும். இப்படி அறுபட்டு வரும் பலகைகளை வைத்துப் பக்கத்துக் கொட்டகையில் நான் உட்கார வாங்குகளும் கதிரைகளும் செய்துகொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு நோன்புப் பெருநாள்தான் கழிந்திருந்தது.

அக்காவின் கணவர் எங்களிடம் மேல்வாளாக இருந்தார். நல்ல வேலைக்காரர். குத்தியின்மேல் நிற்கும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஊர் முழுக்கத் தன்னையே பார்க்கிறது என்பதுபோல நிற்பார். அவருக்குக் கீழ்வாளாக இருந்த உறவுக்காரர் காய்ச்சலில் விழுந்து தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டார். ஆள் கிடைக்காமல் மேல்வாள் குத்தியின்மேல் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு பகலில், மஹய்யாவையில் இருந்த வீட்டிலிருந்து சோறு எடுத்துக்கொண்டு அக்கா வந்தார்.

"கீழ்வாளுக்கு ஆளு வரலியா?"

"இனி வரமாட்டான். முதலாளி வேற ஆளத் தேடுறாரு."

"அப்ப நான் எறங்குறேன்."

கணவர் சிரித்தார். "இது என்ன கொழுந்தா புள்ள, கிள்ளிக் கூடையில போட? ஒன்னால முடியாது."

"முடியுமா முடியாதான்னு எறங்கிப் பாத்துட்டு சொல்றேன்."

சோற்றுப் பானையை நிழலில் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகினார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். அன்று மாலை குழியிலிருந்து ஏறியபோது, வெறும் பானையைக்கூட அவரால் தூக்க முடியவில்லை. "என்ன, முடியுமா?" என்று கணவர் கேட்டார். "இன்னும் பாக்கணும்" என்றார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். முடியும் என்று அவர் எப்போதாவது சொன்னதாக எனக்கு நினைவில்லை. வந்துகொண்டே இருந்தார்.

நானாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "பொம்பளய குழிக்குள்ள எறக்கின மரக்காலையெண்டு ஊர் சிரிக்கும்" என்றார். ஆனால் பலகை வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி நடக்கப் பழகிக்கொண்டார்.

அவருடைய குணத்தால் எங்களுக்கு எப்போதும் நன்மைதான் விளைந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒரு சமயம் பெரிய புளியங்குத்தி ஒன்று வந்தது. தட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் உள்ளே பொக்கு என்றார்கள். அவருடைய கணவரே விறகுக்குத் தள்ளிவிடலாம் என்றார். இவர் குத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"அறுத்துப் பாத்தாதானே தெரியும்?"

"பாக்காமலே தெரியுதுடி. சத்தமே சொல்லுது."

"சத்தம் வெளியில இருந்துதானே வருது?"

விடவில்லை. கடைசியில் நானா எரிச்சலோடு, "அறுத்துத் தொலைங்க" என்றார். குத்தியை ஏற்றி அறுத்தார்கள். பாதிக்கு மேல் வாள் போனதும் உள்ளேயிருந்து எறும்புகள் கொட்டின. கூடு முழுவதும், முட்டையும் செட்டையுமாக, குழிக்குள் நின்றவர் தலையில் விழுந்தது. அலறிக்கொண்டு ஏணியில் ஏறி ஓடிவந்தார். சேலையை உதறினார், கூந்தலை அவிழ்த்து உதறினார், ஆற்றுக்கு ஓடி அப்படியே முங்கினார். நாங்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஈரத்தோடு திரும்பி வந்து, இரண்டாகப் பிளந்து கிடந்த குத்தியைக் குனிந்து பார்த்தார். கன்னமும் கழுத்தும் தடித்துப் போயிருந்தன.

"சரி. பொக்குதான்" என்றார் நிம்மதியாக. அந்த நிம்மதியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தோற்றுப்போனவர் முகம் அப்படி இருக்காது.

அவருடைய தங்கைக்கு அம்பிட்டியவில் ஒரு மாப்பிள்ளை பேசினார்கள். நல்ல பையன், குடியில்லை, தோட்டத்து ஆசுபத்திரியில் வேலை என்று தரகர் அடுக்கினார். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் புறப்பட்டு மலையேறிப் போனார். பெண் வீட்டார் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை பார்க்கப் போவது வழக்கமில்லை என்று கணவர் தடுத்தாராம். "நமக்குத் தெரியாத ஆளுக்குப் புள்ளயக் குடுக்குறது மட்டும் வழக்கமா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். திங்கட்கிழமை வாளுக்கு எண்ணெய்த் துணி போட்டுக்கொண்டே எனக்கு அந்தக் கதையைச் சொன்னார்.

"மாப்ள வீட்டுல இல்ல சின்ன முதலாளி. பைப்படியில தண்ணி புடிச்சிக்கிட்டு நின்னாரு. வரிசையில ஒரு வயசான அம்மா. அவங்க கொடத்த இவரு தூக்கிக்கிட்டுப் போயி வீட்டுல வச்சிட்டு வந்து, மறுபடி வரிசைக்குக் கடைசியிலயே நின்னாரு. நான் யாருன்னு அவருக்குத் தெரியாது."

"அதுக்காகவா சம்மதம் சொன்னீங்க?"

"பாக்கணும்னு போனேன். பாத்துட்டேன்."

அந்தக் கல்யாணம் நன்றாகவே அமைந்தது.

அப்புறம் அந்த மழைக்காலம் வந்தது. ஈரத்தில் பலாக் குத்தி ஒன்றைக் குழிமேல் ஏற்றிக்கொண்டிருந்தபோது கயிறு நழுவியது. உருண்ட குத்தி அவருடைய கணவரின் முழங்காலை நசுக்கிவிட்டது. வண்டியில் படுக்க வைத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுவதும் அக்கா கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பாதையில் பள்ளம் வரும்போதெல்லாம் வண்டிக்காரரிடம், "மெதுவா அண்ணே, மெதுவா" என்றார்.

சில நாட்களுக்குப் பிறகு நான் பார்க்கப் போனபோது டாக்டர் கட்டிலருகே நின்றார். முட்டி இனி மடங்காது, தடியூன்றி நடந்தாலே பெரிது, குத்தியின்மேல் ஏறி நிற்கும் வேலையை மறந்துவிட வேண்டும் என்றார். நல்ல மனிதர். நிதானமாக, தமிழிலேயே சொன்னார். கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா டாக்டரைக் கும்பிட்டுவிட்டு என்னோடு வாசல்வரை வந்தார்.

"டாக்டர் சொன்னதக் கேட்டீங்கதானே அக்கா" என்றேன், எப்படி ஆறுதல் சொல்வதென்று தெரியாமல்.

"கேட்டேன். ஐயா சொல்லிட்டாரு. காலு இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

அந்த வாரமே தோட்டத்திலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா காலியாக இருக்கிறது, நீ கொழுந்து எடு, மச்சான் வீட்டில் இருக்கட்டும், பிள்ளைகளையும் அழைத்து வா என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அக்காவின் இரண்டு பெண்பிள்ளைகளும் அப்போது டவுனில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்குப் போனால் இரண்டு பேர் கையிலும் கொழுந்துக் கூடைதான். அக்கா அந்த வாழ்க்கையிலிருந்து எழுந்து வந்தவர். அது அவர் கண்ணால் கண்டது, யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்ணனைச் சாப்பிட வைத்து அனுப்பிவிட்டு நேரே மரக்காலைக்கு வந்தார்.

அந்த நேரத்தில் எங்களுக்கும் ஒரு நெருக்கடி. அம்பிட்டியவில் புதிதாகக் கட்டிய ஒரு மண்டபத்துக்கு முதிரையில் வாங்குகள் கேட்டிருந்தார்கள். சாய்மானத்தில் அன்னமும் கொடியும் செதுக்க வேண்டும். செதுக்குவதற்குக் கலகெதரப் பக்கத்துச் சிங்களச் சிற்பி ஒருவரை நானா அமர்த்தியிருந்தார். ஆனால் முதிரைக் குத்தி குழிமேல் ஏறாமல் கிடந்தது. மற்றக் குழியில் இருந்த சோடிக்கு அவர்கள் வேலையே தலைக்குமேல். மாத்தளையிலிருந்து புதுச்சோடி ஒன்றை வரவழைக்க நானா ஆள் அனுப்பியிருந்தார்.

"முதலாளி, அந்த சோடி வேணாம். நான் மேல்வாள் புடிக்கிறேன்" என்றார் அக்கா.

நானா அவரைப் பார்த்தார். "உங்களுக்கு வேல இல்லெண்டு நான் சொல்லல்லயே. தூள் அள்ளுங்க, பலகை அடுக்குங்க. அவர் எழும்பி வாற வரைக்கும் என்னால ஏலுமானத செய்றன்."

"தூள் அள்ள வேற ஆளு இருக்காங்க முதலாளி. குத்திய ஏத்தச் சொல்லுங்க. ஒரு பலகை அறுத்துக் காட்டுறேன். கோணலா வந்தா நானே போயிடுறேன்."

"கீழ யாரு நிக்கிறது?"

எல்லாரும் மற்றக் குழியின் கீழ்வாளைப் பார்த்தார்கள். வயதானவர். அக்காவின் ஊர்க்காரர்தான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொம்பள காலுக்குக் கீழ நின்னு நான் வாள் இழுக்க மாட்டேங்க. என்னய மன்னிச்சிருங்க" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது என்று நானா திரும்பினார்.

நான் கொட்டகை வாசலில் உளியோடு நின்றுகொண்டிருந்தேன். அடுத்து நான் செய்ததைத் துணிச்சல் என்று சொல்லத் தோன்றவில்லை. அக்கா யாரையும் கெஞ்சிப் பார்க்கவில்லை, குத்தியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைப் பார்த்துக்கொண்டு என்னால் உள்ளே போய் இழைப்புளி தள்ள முடியவில்லை.

"நான் எறங்குறன் நானா" என்றேன்.

"ஒனக்கென்ன பைத்தியமாடா?"

சட்டையைக் கழற்றினேன்.

குத்தியை ஏற்றி, ஆப்பு வைத்து, நூல் பிடித்துக் கரிக்கோடு போட்டார்கள். அக்கா சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினார். நான் குழிக்குள் இறங்கினேன். அண்ணாந்து பார்த்தால் குத்தியின் அடிவயிறும் ஒரு கீற்று வானமும் மட்டும் தெரிந்தன. "இழுங்க தம்பி" என்று மேலிருந்து குரல் வந்தது. அதுவரை அவர் என்னைச் சின்ன முதலாளி என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

முதிரைத்தூள் பொல்லாதது. மஞ்சள் மழைபோலப் பொழிந்தது. கழுத்திலும் முதுகிலும் வியர்வையோடு ஒட்டிக்கொண்டு நெருப்பாய் அரித்தது. ஆனால் சிறிது நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். வாளை மேலே வாங்கும்போதெல்லாம் அவர் மூச்சு விடும் நேரம் நிறுத்தினார். அந்த நேரத்துக்குள் தூள் இறங்கிவிடும், நான் கண்ணைத் திறந்துகொள்ளலாம். வேறு மேல்வாள்கள் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கீழே என்ன நடக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. இவர் அங்கே நின்றவர்.

பலகை விழுவதற்குப் பகல் முழுவதும் சென்றது. கூட்டம் கூடிவிட்டது. பலகையைத் திருப்பிப் போட்டு, அக்காவே நூலைப் பிடித்துப் பார்த்தார். முக்கால் பங்குக்கு மேல் நேராக வந்திருந்தது. கடைசியில், கை சோர்ந்த இடத்தில், கோடு ஒரு விரலளவு விலகி ஓடியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை.

"கோணல்" என்றார்.

தலைத்துண்டை அவிழ்த்தார். சோற்றுப் பானையை எடுத்தார். தான் சொன்ன சொல்லுக்குத் தானே கட்டுப்பட்டுப் புறப்பட்டுவிட்டார். நான் குழிக்குள்ளிருந்து பாதி ஏறியபடி நானாவின் முகத்தைப் பார்த்தேன். நானா பலகைக்குப் பக்கத்தில் குந்தி, அந்த வளைவின்மேல் விரலை ஓட்டினார். பிறகு நேராக வந்த பகுதியின்மேல் ஓட்டினார். என் நானா எதிலும் சட்டென்று முடிவு சொல்கிறவர். அன்று நெடுநேரம் குந்தியிருந்தார்.

"நில்லுங்க" என்றார். "ஒரு பலகையப் பாத்து முழுக் குத்திக்கும் தீர்ப்புச் சொல்ல எனக்கு ஏலா. மிச்சத்தையும் அறுங்க. பாப்பம்."

அக்கா பானையோடு நின்றார். அப்போதுதான் முதல்முறையாக அவர் கண் கலங்கியதைக் கண்டேன். தூள் விழுந்ததுபோல முந்தானையால் துடைத்துக்கொண்டார். மேலே நின்றவர் கண்ணில் எப்படித் தூள் விழும்!

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போனார். உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது. கதையைச் சொன்னேன்.

"அல்லாஹ்வே! உங்களுக்கு உளி புடிக்கிற வேல போதாதா? இனி ஊர்ல என்னெல்லாம் கதைப்பாங்க?" என்று சத்தம் போட்டுக்கொண்டே தேங்காயெண்ணெயைச் சூடாக்கி முதுகில் தேய்த்தார். தேய்த்த கை கொஞ்ச நேரத்தில் நின்றது.

"பலகை நேரா வந்திச்சா?"

"கடைசில கொஞ்சம் கோணல்."

"மொத தடவதானே" என்றார். மறுபடி தேய்க்கத் தொடங்கினார். மறுநாள் காலையில் நான் புறப்படும்போது, கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு பழைய துணியை மடித்துத் தந்தார்.

இரண்டாவது பலகை நேராக வந்தது. மூன்றாவதில் அக்கா ஒரு காரியம் செய்தார். குத்தியைத் திறந்த முகத்தில் மரத்தின் வரியோட்டம் தெரிந்ததும் வாளை நிறுத்திவிட்டுச் சிற்பியைக் கூப்பிட்டார். அவர் தடிப்பலகைக்காகக் காத்துக்கொண்டு ஒரு மூலையில் வெற்றிலை போட்டபடி இருந்தார்.

"வந்து பாருங்க. கொடி எந்தப் பக்கம் ஓடணும்? பாத்துட்டு சொல்லுங்க, அப்புறம் வாள வைக்கிறேன்."

அதுவரை அறுத்து வந்த பலகையை வாங்கிக்கொண்டுபோய், உளிக்கு இடம் கொடுக்காத இடத்தில் மல்லுக்கட்டிப் பழகியவர் அவர். எழுந்து வந்து குத்தியைத் தடவிப் பார்த்தார். "அக்கே, இங்க வெட்ட வேணாம். கொஞ்சம் தடிப்பா, இப்பிடி" என்று தமக்குத் தெரிந்த தமிழில் காட்டினார். அன்றிலிருந்து வாள் ஓடும்போது அவர் மூலையில் உட்கார்ந்ததில்லை. குத்தியருகிலேயே நிற்பார். அந்த வாங்குகளின் சாய்மானத்தில் அன்னத்தின் இறகுகள் மர வரியோடு சேர்ந்து ஓடின. அவற்றைப் பூட்டி முடித்துவிட்டு நானே சிறிது நேரம் சும்மா நின்று பார்த்தேன்.

வயதான கீழ்வாளும் மனம் மாறினார். எப்படி என்றால், என்னால் எந்நேரமும் குழிக்குள் நிற்க முடியவில்லை, கொட்டகை வேலை தேங்கியது. அவருடைய சோடி ஒரு நாள் வரவில்லை. நானா அவரைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். மாலையில் ஏறி வந்து ஆற்றில் முகம் கழுவிவிட்டு, என்னிடம் மெல்லக் கேட்டார்: "அந்தப் புள்ள தூளு எறங்குறதுக்கு நேரம் விடுது, கவனிச்சீங்களா? இத்தன வருசத்துல எனக்கு இன்னைக்குத்தான் கண்ணு செவக்கல." மறுநாள் கூப்பிடாமலே அக்காவின் குழிப்பக்கம் வந்து நின்றார். இப்போது அவருடைய பழைய சோடிக்குத்தான் ஆள் தேட வேண்டியிருந்தது.

இதற்கிடையில் கணவர் வீட்டில் கிடந்தார். டாக்டர் சொன்னபடியே முட்டி மடங்கவில்லை. ஆனால் அக்கா தினமும் காலையும் மாலையும் எண்ணெய் போட்டு நீவி, தோளைக் கொடுத்து, மஹய்யாவையின் ஒடுங்கிய ஒழுங்கையில் அவரை நடக்க வைத்தார். தடி ஒன்று போதும் என்ற நிலைக்குக் கால் வந்தது. மனம்தான் வரவில்லை. மனைவி மேல்வாள் பிடிக்கிறார் என்ற செய்தி காதில் விழுந்ததிலிருந்து அவர் யாரோடும் பேசவில்லையாம். மரக்காலைப் பக்கம் வரவும் இல்லை.

ஒரு நாள் வந்தார். கூட்டி வந்தது அக்காதான். தடியை ஊன்றிக்கொண்டு வேலியோரம் நின்று, தான் ஏறி நின்ற இடத்தைப் பார்த்தார். பலாக் குத்தி ஒன்று ஏற்றித் தயாராக இருந்தது. வயதான கீழ்வாளை அக்கா சோறு சாப்பிட அனுப்பிவிட்டிருந்தார்.

"என்னய எதுக்கு இங்க கூட்டியாந்த?"

"கீழ எறங்குறீங்களா?"

"நானா? கீழவா?"

"மேல நிக்கத்தான் முட்டி மடங்கணும். குழியில நேரா நின்னு இழுக்க ரெண்டு கை போதும். ஏணியில நான் புடிச்சிக்கிறேன்."

அவர் முகம் கறுத்தது. நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஆள். நான் கொட்டகைக்குள் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். தடி குழியோரம்வரை ஊன்றிப் போகும் ஓசை கேட்டது. பிறகு ஏணி கிறீச்சிட்டது.

வாள் ஓடத் தொடங்கியது. மெதுவாக, தயங்கித் தயங்கி. தூள் இறங்க விடும் அந்த நேரம் மட்டும் அதில் இல்லை. சிறிது நேரத்தில் குழிக்குள்ளிருந்து ஒரு கத்தல்.

"ஏ புள்ள! கண்ணுல கொட்டுதுடி!"

"கொட்டத்தாங்க செய்யும். எனக்கும் அப்படித்தான் கொட்டுச்சு."

வாள் நின்றது. நாங்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தோம். குழிக்குள்ளிருந்து, இம்முறை தாழ்ந்த குரலில், அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இத்தன நாளும் ஒரு வார்த்த சொல்லலியே?"

"நீங்க கேக்கலியே" என்றார் அக்கா. குரலில் குற்றம் இல்லை.

அப்புறம், "சரி. விடு வாள" என்றார் கணவர். இம்முறை தூள் இறங்க நேரம் விட்டு வாள் ஓடியது. அன்று அவர்கள் அறுத்த பலகை எப்படி வந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதாகவும் தோன்றவில்லை.

அதன்பிறகு அவர்கள்தான் சோடி, மேலே அவர், கீழே கணவர். வந்து வேடிக்கை பார்த்தவர்கள் கொஞ்ச நாளில் அலுத்துப்போய் வராமல் விட்டார்கள். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விடவில்லை. மூத்தவள் படித்து ஆசிரியையானாள் என்று பின்னாளில் கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

எங்களைவிட்டு அவர்கள் போனது சிற்பியால்தான். தம்முடைய ஊரில் பலா மரத்துக்குக் குறைவில்லை, செதுக்குகிறவர்களுக்கும் குறைவில்லை, நல்ல வாள் மட்டும்தான் இல்லை என்று அவர் நானாவிடம் வந்து சொன்னார். தம் காணியிலேயே குழி வெட்டிக்கொள்ளவும் ஒரு வீடு போட்டுக்கொள்ளவும் இடம் தருகிறேன் என்றார். நானாவுக்கு மனசில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. அக்கா முதலில் போய் இடத்தைப் பார்த்தார், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்தார். திரும்பி வந்து, "போறோம் முதலாளி" என்றார். எங்கள் மரக்காலையிலிருந்த பழைய வாள் ஒன்றை நானா எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றிவிட்டார்.

பிறகு ஒருமுறைதான் அவரைப் பார்த்தேன். மனைவியின் உறவில் ஒரு கல்யாணத்துக்காகக் குருநாகலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கலகெதர தாண்டி, பஸ் ஒரு வளைவில் மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தது. பாதைக்கு மேலே சரிவில், மரங்களை வெட்டித் திறந்த இடத்தில், பெரிய பலாக் குத்தியின்மேல் ஒரு பெண் நின்றார். தலையில் துண்டு. பின்னால் வெறும் வானம். என் மனைவிக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அவங்கதானே?" என்றார்.

நான் பஸ்ஸுக்கு வெளியே தலையை நீட்டி, "அக்கா!" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். கையைக் கண்ணுக்குமேல் வைத்துப் பார்த்தார். ஒரு கையால் வாளைப் பிடித்தபடியே மறு கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். வாள் நின்றுவிட்டது. உடனே பூமிக்கு அடியிலிருந்து ஓர் அதட்டல் வந்தது.

"ஏ புள்ள! வாள் ஏன் நிக்குது?"

அவர் குனிந்து கீழே ஏதோ சொன்னார். குழிக்குள்ளிருந்து மஞ்சள் தூள் அப்பிய ஒரு கை மேலே எழுந்தது. பஸ் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியவில்லை. மலையைப் பார்த்து, பலமாக, ஆடிக்கொண்டே இருந்தது.